மண்ணெண்ணெய்க்கு மசியாத மோட்டார்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே படபடப்பாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். ரிப்பேர் வேலையில் கை கறுத்த உங்களுக்கெல்லாம் தெரியும்: கெட்டதைக் கழற்றிவிடலாம், எப்படிக் கெட்டது என்பதைக் கொண்டுவந்தவர் வாயிலிருந்து வாங்குவதுதான் பாடு. எழுபதுகளில் மரக்காணத்தில் என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் கொட்டகை வைத்திருந்தார். மணிக்கட்டு முறிந்து அவர் மாவுக்கட்டோடு இருந்த ஒரு மாதம், அவர் வாயும் என் கையுமாக வேலை ஓடியது.

சுத்தியல்

மீன்பிடிக்கும் அந்தோணி தன் படகு மோட்டாரைத் தோளில் சுமந்து வந்தார். பாண்டிச்சேரியில் யாரோ வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழசு. தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் இறுகி, படகைத் தள்ளும் விசிறி இம்மியும் அசையவில்லை. அழுத்தித் திருப்பி உள்ளே பல்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சாமான் கிடையாது. அவரோடு கடலுக்குப் போகிற நாலு வீடும் சும்மா உட்கார வேண்டியதுதான். எனக்குத் தொடவே பயம்.

"நானே நாலு தட்டு தட்டிப் பாத்தேங்க்கா. மெதுவாத்தான்" என்றார். விசிறியின் ஓர் இதழ் நசுங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்தார்.

"மெதுவா தட்டினதுக்கே இப்டின்னா, நீ கோவத்துல தட்டலையேன்னு சந்தோசப்படணும்பா."

எண்ணெய்

கியரை விடுவித்து நியூட்ரலில் போட்டும் விசிறி சுற்றவில்லை. அடியிலிருந்த திருகாணியைக் கழற்றி கியர் எண்ணெயை வடித்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்து வரும். இது தெளிவாக வந்தது. உள்ளே கெடவில்லை என்றால் எதுதான் பிடிக்கிறது? விசிறி இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டோம். அசையவில்லை. மறுநாள் டீசல். அதற்கும் அசையவில்லை.

"எங்க வீட்ல மாதாவுக்கு நேந்துக்கினாங்க. நீங்களும் வேண்டிக்கோங்க்கா, டீசல் மேலயே பாரத்தப் போடாதீங்க."

நாக்கு

விசிறிக்குப் பின்னால் இடுக்கில் வெள்ளையாகப் பூத்துக் கெட்டியாகியிருந்தது. அலுமினியம் அரித்த பூ என்றுதான் நினைத்திருந்தோம். என்னவென்று பார்ப்போமே என்று கத்தி முனையில் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது. வெறும் உப்பு! மண்ணெண்ணெயில் உப்பு எங்கே கரையும்? குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஊற்ற ஊற்ற, விசிறி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

ஆனால் கடலில் ஓடுகிற மற்ற மோட்டார்களில் இவ்வளவு உப்பு சேராதே? கடலிலிருந்து வந்ததும் மோட்டாரை எங்கே கழுவினீர்கள் என்று அந்தோணியைத் துருவினேன். உப்பளத்துப் பாத்தித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, இரண்டு மாதமாகக் கரைக்கு வந்த போதெல்லாம் மோட்டாரை அதிலேயே நிற்க வைத்திருக்கிறார்!

"கடல் தண்ணி ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அது கண்ணாடி கணக்கா எவ்ளோ சுத்தமா இருந்துச்சு தெரியுமா!"

கயிறு

பல்சக்கரம் பிடிக்கிறதா என்று கியரில் போட்டு, விரலால் விசிறியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுற்றுவதைக் கண்ட சந்தோஷத்தில் அந்தோணி மேலே மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்துவிட்டார். மோட்டார் உறுமியது. விசிறி என் முந்தானையைச் சுருட்டி இழுத்தது. நைந்த நூல் புடவை. சட்டென்று கிழிந்தது, விரல்கள் தப்பின. என் வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் கையாலேயே சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

"ஓடுதுக்கா, ஓடுது! ஐயோ... கை இருக்குதா?"

மறுநாளே அந்தப் படகு கடலுக்குப் போய்விட்டது. நானோ அன்றிலிருந்து, மோட்டார் எவ்வளவு செத்துக் கிடந்தாலும் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளாமல் விசிறியைத் தொடுவதில்லை, ஏனென்றால் மோட்டாரைக்கூட நம்பிவிடலாம், அது சரியாகிவிட்டதைப் பார்த்த சொந்தக்காரரை நம்பவே முடியாது.