எலி வளைக்குள் ஒரு தொட்டில்

பரணில் கிடந்த என் நாவல் பிரதிகளை இன்று இறக்கியபோது எலி மூத்திர வாடை முகத்தில் அடித்தது. உடனே கீழ்வேளூர்ப் பக்கத்து வயலும், அறுப்பு முடிந்த ஈர நெல்தாளும், வரப்பில் எலி வளை தேடிக் குனிந்தே நடக்கும் அம்மாவும் வந்துவிட்டார்கள். எலி இழுத்துச் சேர்த்த கதிர்தான் எங்களுக்குச் சோறு. வரப்பை வெட்டினால் மிராசுதார் விடமாட்டார் என்பதால் என் சின்னக் கையை விட்டுத்தான் எடுக்கவேண்டும். நான் பயப்படுவேன். அம்மா உள்ளே இருக்கும் எலி ராஜாவின் கதையைச் சொல்வாள். கை நின்றால் கதையும் நிற்கும்.

"இன்னும் கொஞ்சம் உள்ள விடு, அப்பறம் சொல்றேன்."

என் கை பெரிதானதும் தங்கை செல்வியின் முறை வந்தது. அன்று அம்மா தள்ளி வேறு வரப்பில் இருந்ததால் கதையை நான் சொன்னேன். எலி ராஜாவின் களஞ்சியத்துக்குப் பின்னால் ராணியின் அறை, அதில் ஒரு வெள்ளித் தொட்டில் என்று நானாகவே சேர்த்தேன். முழங்கையோடு நின்றிருந்தவள் தோள்வரை விட்டாள்.

"தொட்டில் ஜில்லுன்னு இருக்குண்ணே" என்று சிரித்தாள்.

உள்ளே நல்ல பாம்பு. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அந்த வயல் இப்போது இறால் குட்டை. என் கதையை அப்படி நம்பிய வாசகர் பிறகு யாரும் அமையவில்லை, அமையவும் வேண்டாம்.