வடக்கே தலை வைத்த ஸ்டாண்டு

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் இந்த வீட்டில் நல்ல நேரம், திசை பார்ப்பதெல்லாம் என் பொறுப்பு. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, அடுப்பு எங்கே இருப்பது என்று நான் சொன்னால் சொன்னதுதான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் மிஷின் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு விருதுநகரில் யாரிடமோ ஒரு பழைய தொலைநோக்கியை வாங்கி வந்தார். கண்ணாடியெல்லாம் பூஞ்சை. அவருக்கு வேண்டியது அதன் ஸ்டாண்டு மட்டும்தான். அதில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. வானம் நகர நகர அதுவும் கூடவே நகரும். குழாயைக் கழற்றிவிட்டு, மகள் கொடுத்த கேமராவை அதில் ஏற்றி, நான் பிறந்த கார்த்திகை நட்சத்திரத்தைப் படம் எடுக்க நினைத்தார்.

"ஊருக்கெல்லாம் சாமி படம் அடிச்சாச்சு. உன் நட்சத்திரத்தைப் போட்டு நம்ம வீட்டுக்குன்னு ஒரே ஒரு காலண்டர் அடிக்கணும்."

"ஒத்தைக் காலண்டருக்கு எந்தக் கம்பெனியில ஆர்டர் எடுப்பாக?"

"முப்பது வருசம் மிஷினுக்கு அடியில கிடந்திருக்கேன். எனக்கு எடுப்பாக."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கண்ணில் அழுத்தம் கூடி, அவர் பார்வை ஓரத்திலிருந்து மறைந்துகொண்டு வந்தது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கேமராவின் திருகு மரையும் ஸ்டாண்டின் மரையும் ஒத்துப்போகவில்லை. லேத் பட்டறையில் கனத்த அலுமினியத் துண்டு வாங்கி, அரத்தால் ராவி, துளை போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு செய்தார். கேமரா இலேசு, மறுபக்கம் இருந்த இரும்புக் குண்டு அதைச் சாய்த்துவிட்டது. குண்டைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய அரைக்கிலோ படிக்கல்லில் துளை போட்டு மாட்டினார். கையை எடுத்தார். இரண்டு பக்கமும் அசையாமல் நின்றது.

ஸ்டாண்டின் தலை மட்டும் மிச்சம். எங்கோ குளிர் தேசத்துக்குச் செய்ததாம், நிமிர்ந்தே நின்றது. நம் ஊரில் அது கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டுமாம். ஆப்பு வைத்துப் படுக்க வைத்தார். கம்பி நட்டு, பகலெல்லாம் நிழலைக் குறித்து நேர் வடக்கைக் கண்டுபிடித்தார். தலை அந்த வடக்கைப் பார்க்க மொட்டை மாடியில் நிறுத்தி, மூன்று கால்களுக்கும் சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைத்துத் தார்ப்பாயால் மூடினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாடி கூட்டப் போனவள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் ஆள் வடக்கே தலை வைத்துப் படுத்திருப்பது போல இருந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளியைக்கூட நான் அப்படிப் படுக்க விட்டதில்லை. கண் போய்க்கொண்டிருக்கிற மனிதர் தினமும் தொடும் பொருள் இப்படிக் கிடக்கலாமா? ஸ்டாண்டின் காலை நகர்த்தினால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும். அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, தலையை மட்டும் நாலு விரல் கிழக்கே ஒதுக்கி, மறுபடி முறுக்கினேன். தோஷம் கழிந்தது என்று நிம்மதியாக இறங்கினேன்.

அது தை மாதம். பொழுது அடைந்ததும் கார்த்திகை உச்சிக்கு வந்துவிடும். அவர் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக வர வேண்டிய நட்சத்திரங்கள் கோடு கோடாக வந்தன. பொட்டில் கால்கள் சரியாக இருந்ததால் அவர் திசையைச் சந்தேகப்படவில்லை. தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டாவது தகடு செய்தார். மூன்றாவதும் செய்தார்.

"கை போயிருச்சு ஏட்டி. தகடு நழுவுது."

"அது ஏன் வடக்கயே பாத்துக்கிட்டு இருக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வானம் பூரா அந்த வடக்கு மூலையை வச்சுத்தான் சுத்துது. நம்மூர்ல அது தாழ, அடிவானத்துக்கிட்ட இருக்கு. இதோட தலை அங்கன நேரா இருந்தாத்தான் கூடவே சுத்தும். இம்மி விலகினாலும் கோடு விழும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். திசை பார்க்கத் தெரிந்தவள் என்ற பேர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் நானே போய்க் கண்ணளவில் திருப்பி வைத்தேன். எம்புட்டு திருப்புவதென்று எனக்கு என்ன தெரியும்? கோடு இன்னும் நீண்டது. பங்குனி முடிந்தது, கார்த்திகையும் மேற்கே இறங்கிவிட்டது. அடுத்த தை வந்தபோது கேமராவைக் குறி பார்க்க அவர் கண்ணால் முடியவில்லை. மாடிக்குப் போவதை விட்டுவிட்டார்.

போன மாதம் குளியலறைக் குழாய் ஒழுகியது.

"வாசர் மாத்தினாப் போதும். நீங்க தடவிப் பாத்தே மாத்துவீகளே."

"என் கையில இனி எதுவும் நிக்காது. ஆளைக் கூப்பிடு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"படத்துல கோடு நேரா இருந்துச்சா, நெளிஞ்சு இருந்துச்சா? எனக்கு அப்பவே சரியாத் தெரியல."

"நேராத்தான். ஸ்கேல் வச்சு இழுத்தாப்ல."

"தகடு நழுவியிருந்தா நெளிஞ்சிருக்கும். அப்ப மொதத் தகடே சரிதான்." கையை நீட்டினார். "எங்க, அதை எடு."

மூன்று தகட்டையும் இரும்புக் குண்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டு நான் வாளி வாங்கியிருந்தேன். அதையும் சொன்னேன்.

"நல்ல வாளியா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல வாளிதான். ஒழுகும் குழாய்க்கு அடியில் அதைத்தான் வைத்திருக்கிறேன். புது வாசர் வாங்கி, அவர் கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆளை நான் கூப்பிடவில்லை.