ஐஸில் வைக்கக் கூடாத ரத்தம்: திருச்சி – ஒரத்தநாடு, ஒரே நாளில் இரண்டு முறை

டெல்டாவுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. நான் போனது அக்காவிடமிருந்து நான்கு குழாய் ரத்தம் எடுத்துவர. இப்படி ஒரு காரியமாகப் பயணம் போக நேர்ந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் திருச்சியில் ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியன். அக்கா செல்வி, களையெடுத்தும் நாற்று நட்டும் என்னைப் படிக்கவைத்தவள். அவளுக்கு முடக்குவாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்துதான் அவளை நடமாட வைத்திருந்தது. ஆனால் அந்த மருந்து ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களைக் குறைத்துவிடும். அத்தானைக் கொரோனாவின் இரண்டாம் அலையில் பறிகொடுத்தோம். ஒன்றரை வருடத்துக்கு முன், தடுப்பூசி போட்டபின் எடுத்த அக்காவின் ஆன்டிபாடி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணுமே உருவாகலக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான். புதிய திரிபு ஒன்று வந்திருப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மருந்து ஏற்றப் போவதையும் நிறுத்திவிட்டாள். மகள் கவிதாவுக்குப் பாபநாசத்தில் குழந்தை பிறந்து எட்டு மாதம். பேத்தியை இரண்டே முறை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்திருக்கிறாள்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.10 பாசஞ்சரைப் பிடித்தேன். டிக்கெட் 15 ரூபாய். 7.25க்குத் தஞ்சாவூர். ஸ்டேஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகலாம். ஒரத்தநாடு 24 கிலோமீட்டர், பஸ்ஸில் 20 ரூபாய், ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஊருக்கு 6 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150. சம்பா நடவு முடிந்து வழிநெடுக வயல்களில் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"அப்ப ஒண்ணுமே இல்லன்ன. இப்ப என்னத்தடி தேடப் போற?" என்றாள்.

ஆன்டிபாடி வைரஸின் வெளிமுள்ளைப் பிடிக்கிறது, முள்ளின் வடிவம் மாறினால் பிடி நழுவுகிறது என்று ஆரம்பித்தேன். இப்போது தேடப் போவது டி செல் என்ற இன்னொரு காவல் செல்லை, அது வேறு மாதிரி. வைரஸ் நுழைந்துவிட்ட நம் செல், அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தன் மேல்பரப்பில் காட்டும். டி செல் அந்தத் துண்டுகளைத்தான் பார்க்கும். திரிபுகளில் சில துண்டுகள் மாறும், பல மாறாது. அதனால் பழைய தடுப்பூசியை நினைவு வைத்திருக்கும் டி செல், புதிய திரிபையும் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளும். அவள் மருந்து குறைப்பது ஆன்டிபாடி செல்களை, டி செல்களை அல்ல. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அக்கா ஜன்னல் வழியே வயலைக் காட்டினாள்.

"குதிரைவாலிப் புல்லு நெல்லு மாதிரியேதான் நிக்கும். மேலால பாத்தா ஏமாந்துருவோம். இலை தண்டச் சேர்ற எடத்துல நெல்லுக்குச் சின்னதா ஒரு நாக்கு இருக்கும், புல்லுக்கு இருக்காது. அத வச்சுதான் புடுங்குவோம். அப்படியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்க்கா."

"ஆனா களையெடுக்கறவ, புல்லு வயலுக்குள்ள மொளைச்சப்புறம்தானே எறங்குவா. வர்றத நிறுத்த மாட்டாளே."

"நிறுத்தாது. நோய் வரலாம். வந்தா முத்தாம பாத்துக்கும்."

"பொய் சொல்லாம சொன்னியே. எடுத்துட்டுப் போ. இருக்குன்னா மருந்து ஏத்திக்கிறேன், பாப்பாவத் தூக்குறேன்" என்று கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

10.40க்கு நான்கு குழாய் எடுத்து, ஐஸ் இல்லாத தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன். திருச்சிக்கு வாடகைக் கார், 2,600 ரூபாய். ஓட்டுநர் காதர் பாய் முத்துப்பேட்டைக்காரர். முன்பு இறால் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டுக்கு ஓட்டியவர். ஒரத்தநாட்டில் நிறுத்தி நான் இட்லி சாப்பிட்டேன், பதினைந்து நிமிடம். திரும்பி வந்தால் பெட்டி நிறைய ஐஸ்.

"வெயிலா இருக்கும்மா. அக்கா ரத்தம்னு சொன்னீங்க. கெட்டுரக் கூடாதுன்னு மீன் கடையில வாங்கி நல்லா அழுத்திப் போட்டேன். காசெல்லாம் வேணாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டி செல் சோதனைக்குச் செல்கள் உயிரோடு, விழிப்போடு இருக்க வேண்டும். அதற்கு அறை வெப்பம்தான் வேண்டும். குளிரில் அவை மந்தமாகிவிடும், முடிவை நம்ப முடியாது. பாய் மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் கெடக் கூடாத எதையும் ஐஸில்தான் போடுவார்கள். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவிடம் நேரில் சொல்ல வண்டியைத் திருப்பினோம். மறுபடி எடுக்க என்னிடம் வேறு குழாய் இல்லை. பாய் வாசலுக்கு வெளியே நின்று அக்காவிடம் தானே சொன்னார்: "எறால அப்படித்தாங்க கொண்டு போவோம். இது உசுரோட போவணும்னு எனக்குத் தெரியாம போச்சு. மன்னிச்சுக்குங்க."

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள் என்றே நினைத்தேன்.

"உசுரோட வரணும், அவ்ளோதானே? அப்ப என் உடம்புலயே வரட்டும்" என்றாள்.

முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். காதர் பாய் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். 80 கிலோமீட்டரும் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். 2.05க்கு ஆய்வகம். ரத்தம் எடுத்ததும் அதே காரில் திரும்பிவிட்டாள். பாய் திரும்பும் வாடகை வாங்க மறுத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உதிரிக் குழாய் கொண்டுபோங்கள். பெட்டியின் மேல் 'ஐஸ் வேண்டாம்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள், ஓட்டுநரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தச் சோதனை எல்லா லேபிலும் கிடைக்காது, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டரிடம் விடுங்கள். முக்கியமாக, ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து "ஒண்ணுமே இல்ல" என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அதில் தேடாதது எவ்வளவோ இருக்கும்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பழைய வைரஸின் துண்டுகளுக்கும் புதிய திரிபின் துண்டுகளுக்கும் அக்காவின் டி செல்கள் எழுந்திருந்தன. புதியதற்குச் சற்றுக் குறைவு, ஆனால் தெளிவாகவே. அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது கவிதா.

"அம்மா இங்க பாபநாசத்துலதான் இருக்காங்க சித்தி. அன்னிக்கு ஊருக்கே போகல. அந்தக் கார்லயே நேரா இங்க வந்துட்டாங்க. அவங்க கையில பாப்பா இருக்கு, அதான் நான் எடுத்தேன். ரிசல்ட்டு வந்துருச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"இல்லேன்னு வந்திருந்தாலும் இனிமே எறக்கி வுட மாட்டேன்னு சொல்லுடி அவகிட்ட."

"இருக்குன்னே வந்திருக்கு, அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.