உள்ளுக்கப் பாரும்

“உள்ளுக்கப் பாரும். கண்ணால பாரும். ஏதும் கிடக்கோ?”

சனிக்கிழமை மத்தியானம் துவக்குப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்ததும் இராயப்பு கேட்கிற முதல் கேள்வி இதுதான். சப்பாத்தைக் கழற்றுவதெல்லாம் பிறகு. சமையலறை வாசலில் நின்று பெட்டியின் பூட்டைத் திறப்பார். கைத்துவக்கை எடுத்து ரவைக்கூட்டைக் கழற்றுவார். மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, அதன் வெறும் வயிற்றை மனைவிக்குக் காட்டுவார். பேர்பெச்சுவா முகத்தை மீன்குழம்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, “ஓம் ஓம், பாத்திட்டன்” என்பாள். இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார்.

மனைவியிடம் மட்டும் இல்லை, துப்பாக்கிக் கடைக்காரரிடமும் இதே கதைதான். கடைக்காரர் திறந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் சாமானை மேசையில் வைப்பார். இராயப்புவும் குனிந்து பார்ப்பார். பிறகு அதை அதே கடைக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்து, மரியாதையான ஜெர்மனில், இன்னொருதரம் பார்க்கமுடியுமா என்று கேட்பார். வாழ்நாள் முழுக்கத் துவக்கு விற்ற மனிதருக்கே பாடம்! பீலெஃபெல்ட் சுற்றுவட்டாரக் கடைக்காரர்களுக்கு இப்போது பழகிவிட்டது. பேசாமல் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

அவருடைய இரண்டாவது கேள்வி இன்னும் விசேஷமானது. “இது ஆரையும் சுட்டதோ?” எந்தப் பழைய துவக்கையும் அவர் இதைக் கேட்காமல் வாங்குவதில்லை. யாருக்குத் தெரியும் என்று தோளைக் குலுக்கினால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். உலக யுத்தகாலத்துச் சாமானை, மலிவாக வந்தாலும், தொடவே மாட்டார். அவர் கண்வைப்பது பொலிஸ் இலாகா கழித்து விற்ற கைத்துவக்குகளில்தான். “புதுசு வாங்க எங்களால ஏலுமோ? இது அதில காவாசி விலைதான். பொலிஸ்காரன்ர இடுப்பில இருபது வருசம் நித்திரை கொண்ட சாமான். வெளியில தேய்ஞ்சு போயிருக்கும், உள்ளுக்குப் புதுப் பொம்பிளை” என்பார்.

உள்ளே பார்ப்பதற்கென்று அவரிடம் ஒரு வித்தையும் உண்டு. ஞாயிறு பூசையில் கொடுக்கிற அறிவித்தல் தாளில் ஒரு துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதைக் குழாயின் பின்வாசலில் சரித்துப் பிடித்து, யன்னல் வெளிச்சத்தைத் தாளில் விழுத்தி, முன்பக்கத்தால் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே சுருள்வரிகள் வெள்ளியாய் மின்னினால் இவருடைய முகமும் மின்னும். மன்னாரில் மீன்வாடிக்குப் பக்கத்தில் பிறந்து, பீலெஃபெல்டில் கதவுப் பிணைச்சல் செய்கிற தொழிற்சாலையில் தலை நரைத்த மனிதர், அந்த ஒரு கணத்தில் பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

ஏமாறவில்லையா? நன்றாக ஏமாந்தவர். ஒருதரம் இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி ஒன்றை வாங்கினார். படத்தில் கலியாண மாப்பிள்ளை. கையில் வந்ததோ மூன்றாவது ரவையிலேயே திக்கித் திக்கி நின்றது. ரவைக்கூட்டின் சுருள்கம்பி செத்துப்போயிருந்தது. அதை நட்டத்துக்கு விற்றுத் தள்ளினார். “கையில எடுத்துப் பாக்காமல் மீனும் வாங்கப்படாது, துவக்கும் வாங்கப்படாது” என்று தன்னையே ஏசிக்கொண்டார். அடுத்ததாக ஒரு கிராமத்து விதவையிடம் அவருடைய காலஞ்சென்ற கணவரின் ரிவோல்வரை வாங்கப் போனார். அந்த மூதாட்டி கேக் வெட்டிக் கொடுத்து, இது யாரையும் சுட்டதா என்ற கேள்விக்கு, தன் கணவர் ஒரு எலிப்பொறியைக்கூட வைக்கத் துணியாதவர் என்று சொல்லி அழுதாராம். ரிவோல்வரோடு சேர்த்து, கணவரின் பெரிய செம்மஞ்சள் காதுமூடியையும் கொடுத்தனுப்பினார். அதன் பட்டியில் தடித்த எழுத்தில் கார்ல்-ஹைன்ஸ் என்று பெயர் எழுதியிருக்கிறது. அதை அழிக்க இவருக்கு மனம் வரவில்லை. துவக்குச் சுடப் பழகுகிற கிளப்பில் பாதிப்பேர் இவரைக் கார்ல்-ஹைன்ஸ் என்றே கூப்பிடுகிறார்கள். இவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இங்கே துவக்கு வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஒழுங்காகச் சுட்டுக் காட்ட வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட வேண்டும், பாரமான இரும்புப் பெட்டகம் வாங்க வேண்டும். பெட்டகத்தின் திறவு எண் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு மட்டும்தான் தெரியலாம். கட்டின மனைவிக்கும் தெரியக்கூடாது. பெட்டகம் வந்து இறங்கியபோது சனத்தின் கண்ணில் பட்டது துவக்கு இல்லை, அந்தப் பாரம்தான். தமிழர் வீடுகளில் நகை களவு போகிற காலம். மாதா சபைப் பெண்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது காப்பும் சங்கிலியும் கொண்டுவந்து, “அண்ணை, இதையும் ஒருக்கா உள்ளுக்க வைச்சுவிடுங்கோ” என்று கொடுக்கத் தொடங்கினார்கள். பேர்பெச்சுவாவின் தாலிக்கொடியும் அங்கேதான் போனது. கலியாண வீடென்றால் அவள் பட்டுச்சேலையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இவர் முதுகால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்துவார். “என்ர தாலியை நான் பாக்க அரசாங்கம் விடுதில்லை” என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இப்படிப் பகிடியாகப் போனாலும் அவளுக்கு அந்தச் சாமான்களில் உள்ள பயம் பகிடி இல்லை. ஊரில் கேட்ட சத்தம் இன்னும் காதுக்குள் கிடக்கிறது. புதுவருடத்துக்கு வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு இருப்பாள். அப்படிப்பட்டவள் வீட்டில் இரண்டு கைத்துவக்கு! தொழிற்சாலை நண்பர் ஹார்ட்முட் எவரும் வந்து பார்க்கலாம் என்கிற கிளப்பின் திறந்த நாளுக்குக் கூப்பிட்டார் என்று, சொசேஜ் தின்னப் போன மனிதர், இப்படி ஒரு பைத்தியத்தோடு திரும்பி வருவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பிரச்சினையைக் கிளப்பியது மகள் அன்னா. கொலோனில் இருக்கிறாள், முதற் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பிள்ளையைத் தாய் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய நேரத்தில், தொலைபேசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். அப்பாவில் தனக்குப் பயமில்லையாம். அந்தப் பெட்டகத்துக்குப் பக்கத்து அறையில் பிள்ளையைப் படுக்க வைக்கத்தான் மனம் ஒப்பவில்லையாம். கடைசியில், “அம்மா, நீங்கள் ஒருக்கா அவரோட அங்க போய்ப் பாருங்கோ. உங்களுக்குப் பயமில்லை எண்டு நீங்கள் சொன்னால், நான் பிள்ளையைக் கொண்டு வாறன்” என்றாள்.

இராயப்பு அதைக் கேட்டுக் கோபிக்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய வலதுகால் மட்டும் வேகமாக ஆடியது. அந்தக் கால் ஆட்டத்தை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. நாற்காலியில் இருந்தால் ஆடும், பஸ்ஸில் ஆடும், பூசையில் ஆடினால் எல்லோரும் இருக்கிற நீள மரவாங்கு முழுவதும் சேர்ந்து ஆடும். அந்த வரிசையில் இருக்கிற கிழவிகள் திரும்பிப் பார்க்க, பேர்பெச்சுவா அவருடைய முழங்காலில் கையை வைத்து அமத்துவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு இது ஒரு வேலை. நித்திரையிலும் அது முழுக்க நிற்பதில்லை. அன்றைக்கும் அவள் கையை வைத்தாள். “நீர் வாரும். பாத்திட்டு வேண்டாமெண்டால் இரண்டையும் வித்துப்போடுறன். ஒரு சொல்லும் சொல்லமாட்டன்” என்றார் அவர். சொன்னால் செய்கிற மனிதர் என்று அவளுக்குத் தெரியும். பேரப்பிள்ளையை நினைத்தாள். விற்கச் சொல்லத்தான் வேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டே சனிக்கிழமை காரில் ஏறினாள்.

காட்டோரத்தில் கிளப் வீடு. மேலே கோப்பி மணம், கீழே நிலவறையில் கரிமருந்து மணம். இராயப்பு கார்ல்-ஹைன்ஸின் செம்மஞ்சள் காதுமூடியை மனைவியின் கொண்டை கலையாமல் மெல்ல மாட்டிவிட்டு, தன் காதுக்குள் பஞ்சுபோன்ற அடைப்பானைச் செருகிக்கொண்டார். மேற்பார்வைக்கு நின்ற ஹார்ட்முட் அவளுக்குப் பின்வரிசையில் ஒரு கதிரை போட்டார். அவள் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் சிலுவை போடுவார் என்று பார்த்தாள். கார் ஓடமுன், சூப் குடிக்கமுன், தொழிற்சாலை இயந்திரத்தைத் தொடமுன் சிலுவை போடுகிற மனிதர், இங்கே போடவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, “இதுக்கு அவரைக் கூப்பிடப்படாது” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

தூரத்தில் தாள் இலக்கு தொங்கியது. பழைய பொலிஸ் கைத்துவக்கு, விளிம்பெல்லாம் கறுப்புத் தேய்ந்து இரும்பு வெளுத்தது, அவருடைய இரண்டு கைக்குள்ளும் மேலே வந்து நின்றது. பேர்பெச்சுவா வழக்கம்போல அவருடைய காலைப் பார்த்தாள். அந்தக் கால் ஆடவில்லை! வலதுகால், கோயில் வாங்கையே ஆட்டுகிற கால், நிலத்தில் வேர் விட்டதுபோல நின்றது. தோள் அசையவில்லை, கழுத்து அசையவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாய்ச் சீவித்த மனிதர் இவ்வளவு அமைதியாக நின்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. இவர் ஆர், இந்த மனிதரை எனக்கு யாரும் காட்டவில்லையே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

முதல் வெடி விழுந்தது. அவள் துள்ளினாள். இரண்டாவதுக்குக் கண்ணை மூடினாள். மூன்றாவதில் கண் திறந்தே இருந்தது. கடைசி வெடிக்கு அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இம்மியும் அசையவில்லை. ஹார்ட்முட் இலக்கை முன்னுக்கு வரவழைத்தார். ஐந்து வெடியும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு கோப்பை அடியால் மூடக்கூடிய இடத்துக்குள் கிடந்தன. ஹார்ட்முட் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவளுக்கு அந்தத் தாளைவிடக் கால்தான் பெரிய அதிசயமாக இருந்தது.

இராயப்பு ரவைக்கூட்டைக் கழற்றினார். மேற்பாகத்தை இழுத்துப் பூட்டினார். ஹார்ட்முட்டிடம் காட்டினார், அவர் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, துவக்கின் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“உள்ளுக்கப் பாரும்.”

அந்தக் குரலில் அவளுக்குப் பழைய கதை ஒன்று திரும்பி வந்தது. கலியாணமான புதிதில் ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறார். மன்னார் வீதியில் ஒரு சோதனைச்சாவடி. இருபது வயதுப் பொடியனாக இவர் முழங்காலில் நிற்க, ஒருவன் கைத்துவக்கை நெற்றியில் வைத்து, சிரித்துக்கொண்டே விசையை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம். உள்ளே ரவை இருக்கவில்லை. அவனுக்கு அது தெரியும், இவருக்குத் தெரியாது. அன்றைக்கு ஆடத் தொடங்கிய கால். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. தனக்கு அன்றைக்கு ஒருவரும் காட்டாததை இந்த மனிதர் காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார் என்பது, மீன்குழம்பைப் பார்த்துக்கொண்டே “பாத்திட்டன்” என்று இத்தனை வருடம் பொய் சொன்ன அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

எழுந்து போனாள். அவருடைய தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள். முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்தது போதாதென்று, ஹார்ட்முட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்து, அவர் சரியென்றதும், சுண்டுவிரலை மெல்ல உள்ளே விட்டுத் தடவினாள். இளஞ்சூடாய் இருந்தது.

“ஒண்டுமில்லை” என்றாள்.

“வடிவாப் பாத்தனீரோ?”

“ஓம். வடிவாப் பாத்திட்டன்.”

அவர் துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இருவரும் மேலே போய்க் கோப்பிக்கு உட்கார்ந்தார்கள். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, கால் கேட்டது. மேசை நடுங்கி, கோப்பைகள் கிணுகிணுத்தன. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள் பேர்பெச்சுவா, துணியில் ஒரு பொட்டு ஊத்தையைக் கண்டால் பொறுக்கமாட்டாள். அவள் இடதுகையை அவருடைய முழங்காலில் வைத்து அமத்தினாள். கரி படிந்த சுண்டுவிரலைத் துடைக்காமலே மற்றக் கையால் கைப்பேசியை எடுத்து, அந்த விரலாலேயே அன்னாவின் பெயரை அழுத்தினாள்.