தேன் குழைத்த கல்

கிஸாரா நகரத்தில் லூகினாவை முழங்காலுக்குக் கீழே சேறு இல்லாமல் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. முப்பது வருடம் மண் மிதித்தவன். ஆற்றங்கரைக் குழியில் களிமண்ணையும் நறுக்கிய பார்லி வைக்கோலையும் கொட்டி, தண்ணீர் விட்டு, மாடு மாதிரி சுற்றிச் சுற்றி மிதிப்பான். அச்சில் அறைந்து, மேலே வழித்து, அச்சைத் தூக்கினால் பச்சைச் செங்கல் நிற்கும். மதில், களஞ்சியம், மாளிகை எல்லாம் அவன் காலில் மிதிபட்ட மண்தான். ஆனால் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் இருந்தது அரசரின் பெயர். அந்த முத்திரையைக் குத்துவதும் லூகினாதான். படிக்கத் தெரியாமல் ஒருமுறை தலைகீழாகக் குத்திவிட்டு அடி வாங்கினான். எந்தப் பக்கம் தலை என்று அன்றும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவனுக்கு ஒரே மகள், நின்ஹெது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வருடம் விளைச்சல் போயிற்று. பின்னாலேயே வந்த காய்ச்சலில் மனைவி போனாள். பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அவளை ஊர்த் தேவியின் கோயில் நெசவுக் கூடத்தில் விட்டான். இரண்டு வேளை கூழ் நிச்சயம். ஆனால் தேவிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. அங்கே கம்பளித் தூசி மார்பில் இறங்கி, பெண்கள் முப்பது வயதிலேயே உதிர்ந்துபோவார்கள். நான்கு வருடம் ஆயிற்று. கடைசியாகப் போனபோது, நாணல் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் இருமும் சத்தம் கேட்டது.

இந்த நேரத்தில்தான் அரசர் தேவிக்குப் புதுக் கோயில் கட்டுவதென்று கிளம்பினார். முதல் கல்லை அரசர்தான் தம் கையால் அறுக்க வேண்டும். அது முழுசாக வந்தால், பக்கத்தில் நின்ற கல் மேஸ்திரி ஒரு வரம் கேட்கலாம். அன்று அரசர் மறுக்கக் கூடாது. விரிசல் விட்டால் மேஸ்திரியின் கை தீட்டு. எப்படிப் பார்த்தாலும் அரசரின் கை சுத்தம்தான்!

மேஸ்திரியாக லூகினாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மகிழ்ச்சியில் ஓடி வந்தவன், தலைமைப் பூசாரி மண்ணில் சேர்க்கக் கொண்டுவந்த ஜாடிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தேன், நெய், வாசனைத் தைலம். வேலைக் கண்காணி உர்துகாவைத் தனியே இழுத்தான்.

"அண்ணே, நெய் சேந்தா மண்ணு ஒட்டாது. தேன் சேந்தா காயாது. இது கல்லா, பலகாரமா?"

"வாயை மூடுடா. தேவிக்குப் பிடிச்சது அதுதானாம்."

"தேவி என்னிக்குண்ணே கல்லு அறுத்தா?"

உர்துகா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் வாயைப் பொத்தினான்.

அரசர் வந்தார். புதுக் கூடையில் ஒரு கைப்பிடி மண்ணைத் தலையில் சுமந்து ஏழு அடி நடந்தார். அதற்கே வியர்த்து, இரண்டு பேர் விசிறினார்கள். மணக்க மணக்கக் குழைத்த மண்ணை அச்சில் போட்டு மெல்லத் தட்டினார். லூகினாவுக்குக் கை துறுதுறுத்தது. அப்படித் தட்டினால் கொசுகூடச் சாகாது. பறை முழங்கியது. அச்சை வெள்ளைத் துணியால் மூடி, நாணல் பந்தலின் கீழ் வைத்தார்கள். மூன்று நாள் யாரும் தொடக் கூடாது. காவலுக்கு உர்துகாவும் லூகினாவும்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் ஊரே உறங்கியது. எறும்பு மட்டும் உறங்கவில்லை; சாரிசாரியாகத் துணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. லூகினா துணியைத் தூக்கினான். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஓரமெல்லாம் களியாக வழிந்தது.

"போச்சு," என்றான் உர்துகா. "உன் கை தீட்டு, என் வேலை காலி."

லூகினா தன் குடிசைக்கு நடந்தான். அச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு வாரத்துக்கு முன் அதே அச்சில் ஒரு கல் அறுத்து வைத்திருந்தான். வெறும் மண், வெறும் வைக்கோல். அதைக் கோணியில் சுற்றி எடுத்து வந்து அச்சில் இறக்கினான். மணத்துக்காக ஜாடியின் அடியிலிருந்த தேனை வழித்து மேலே பூசினான். அரசரின் கல்லைக் குழியில் போட்டு மிதித்தான். உர்துகா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மூன்றாம் நாள் அச்சைத் தூக்கினார்கள். பிசிறில்லாத கல். அரசர் அதைச் சூரியனுக்குக் காட்டும்போது அவர் கண்ணில் நீர் வழிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. லூகினாவுக்கும் உள்ளூரப் பெருமைதான்; முப்பது வருடத்தில் அவன் கல்லைப் பார்த்து யாரும் அழுததில்லை.

"கேள்," என்றார் அரசர்.

"என் மகளை நெசவுக் கூடத்துலேருந்து வீட்டுக்கு அனுப்பணும், ராஜா."

"தந்தேன்."

லூகினா காலில் விழுந்தான். அவன் எழுவதற்குள் தலைமைப் பூசாரி அரசரின் காதில் எதையோ ஓதினார். அரசரின் முகம் இன்னும் மலர்ந்தது. "தேவிக்கு இந்தக் கலவை பிடித்துவிட்டது. அஸ்திவாரத்தின் முதல் வரிசை முழுவதும் இதே தேன், இதே நெய். அறுநூறு கல். அந்த வரிசை எழும் அன்று உன் மகளை அழைத்துப் போ."

லூகினா அறுத்த அந்த முதல் கல்லை வெள்ளைத் துணியில் சுற்றி, அஸ்திவாரக் குழியில் வைத்து மண்ணால் மூடினார்கள். உள்ளே தேனில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு புதைந்தது.

அன்றே நெசவுக் கூடத்துக்குப் போனான். சொல்லாமல் இருந்திருக்கலாம், பெற்றவனுக்கு வாய் நிற்கவில்லை.

"இன்னும் ஒரே வரிசைதான், கண்ணு."

"நெசமாவாப்பா?" நின்ஹெது தட்டியின் இடுக்கில் விரலை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். தறிக் கூடத்துக்குத் திரும்பிய கையோடு அவள் தன் படுக்கைப் பாயைப் புதிதாக வந்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாளாம். இனி அது எதற்கு என்று.

தேனும் நெய்யும் காவலோடு வந்தன. ஒவ்வொரு ஜாடியும் மண்ணில் கவிழும்வரை இரண்டு பூசாரிகள் நகரவில்லை. லூகினா தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தான். வைக்கோலைக் கூட்டினான், மணல் கலந்தான், நிழலில் காயவைத்தான். அறுநூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுபடியும் அறுத்தான். மறுபடியும் வெடித்தது. ஊர் எறும்பெல்லாம் அங்கேதான் குடியிருந்தது.

தலைமைப் பூசாரி வந்து பார்த்தார். "மண்ணையே தொட்டறியாத அரசர் கையில் ஒரே தடவையில் வந்தது. முப்பது வருடம் மிதித்த உன் கையில் வரவில்லை. அப்படியென்றால் தீட்டு எங்கே?" வரம் ரத்து என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

லூகினா உர்துகாவிடம் ஓடினான். "நெசத்தைச் சொல்லிடறேண்ணே."

"சொல்லு. உன்னை ஆத்துல தள்ளுவாங்க, என்னையும் தள்ளுவாங்க. தேவியை ஏமாத்தினவன் பொண்ணுன்னு அவளை மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?"

லூகினா அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். உர்துகா தேற்றவில்லை.

புது மேஸ்திரி வந்தான். விவரமானவன். பூசாரிகளுக்கு வயிறு நிறைய பார்லிக் கள் வாங்கிக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, வெறும் மண்ணில் கல் அறுத்து, மேலே மட்டும் தேன் பூசினான். அறுநூறும் முழுசாக வந்தது. வரிசை எழுந்தது. லூகினாவுக்கு ரத்தான வரம் அவனுக்குப் போயிற்று; ஒரு பேரீச்சந்தோப்பு கேட்டான், கிடைத்தது.

சேதி நெசவுக் கூடத்தையும் எட்டியிருந்தது. லூகினா தட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். இருமல் முதலில் வந்தது. பிறகு அவள் வந்தாள். இந்த முறை விரலை நீட்டவில்லை.

"ஏம்ப்பா, அரசர் கையிலயே வந்துச்சாமே. அதுக்கப்புறம் வந்தவன் கையிலயும் வந்துச்சாம். முப்பது வருஷம் இதையேதானே செஞ்ச? எனக்காக ஒரு வரிசை ஒழுங்கா அறுக்க முடியலையா உனக்கு?"

லூகினா வாயைத் திறந்தான். தட்டிக்குப் பின்னால் கூடத்துக் கண்காணிப்பெண் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"முடியலடா கண்ணு," என்றான்.