பசியை அடக்கும் செடி

கீட்மான்ஷூப் டவுனிலிருந்து கழுதை வண்டியில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் கல்லாங்காட்டில்தான் ஃப்ரெட்ரிக்கா பூய்ஸ் கோபாச் செடி வளர்த்தாள். கோபா கள்ளியைப் போல முள்ளடர்ந்து குட்டையாக நிற்கும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அதன் தண்டை மென்றுகொண்டே நாள் முழுக்கச் சாப்பிடாமல் நடந்திருக்கிறார்கள். அந்தச் சாற்றில் மாத்திரை செய்து, உடம்பு இளைக்க நினைக்கிற வெளிநாட்டாருக்கு விற்கப்போவதாகவும், செடி வளர்த்துத் தந்தால் விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும் ஒரு கம்பெனிக்காரர் வந்து சொன்னார். ஊரே சிரித்தது.

"எங்கேயோ தின்னு கொழுத்தவ இளைக்கறதுக்கு, இங்க காஞ்சு கெடக்கிற நீ தண்ணி ஊத்தப் போறியா?" என்று பக்கத்துக் குடிசை சலோமினா கேலி செய்தாள்.

"சிரிங்கக்கா. ஆடு குடிக்கிறதுல பத்துல ஒரு பங்கு தண்ணி போதும் இதுக்கு" என்றாள் ஃப்ரெட்ரிக்கா.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் கணவன் திமோட்டேயுஸ் நெஞ்சுச்சளியோடு ஊர் திரும்பியிருந்தான். முதல் தடவை முளைத்த கன்றுகள் தண்ணீர் கூடிப்போய் அழுகின. அடுத்த தடவை தேயிலை டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஆயிரத்துச் சொச்சம் பிழைத்தன. மூன்றாம் வருஷக் குளிரில், எழுந்து உட்கார முடியாத திமோட்டேயுஸ் கேட்டான்: "எவ்வளவு வளந்திருக்கு?"

அவள் முழங்கை வரை அளந்து காட்டினாள்.

"அடேயப்பா! அடுத்த வருஷம் அறுத்துரலாம்."

அந்த வாரமே அவன் போய்விட்டான்.

அடுத்த வருஷம் கம்பெனிக்காரர் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை.

"ஆராய்ச்சியில சரியா வரலையாம், அம்மா. மேல இருக்கிறவங்க கைவிட்டுட்டாங்க."

"அப்ப என் செடிங்க?"

"அது உங்களோடதுதான்."

"வச்சுக்கிட்டு நான் என்னங்கய்யா பண்ணுறது?"

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது அரசாங்கப் பாதுகாப்பில் உள்ள செடி; அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு தண்டைக்கூட விற்க முடியாது. சீட்டு கேட்டுப் போனால், வாங்குகிறவரின் கடிதம் எங்கே என்றார்கள் அதிகாரிகள்.

பிறகு இரண்டு வருஷம் மழை இல்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கால் மடக்கிப் படுத்தன. சோள மாவும் தீர்ந்த ஒரு நாள், ஃப்ரெட்ரிக்கா ஒரு தண்டை ஒடித்து முள்ளைச் சீவி மென்றாள். கசந்தது, ஆனால் பசி அடங்கியது. மறுநாளும் மென்றாள். அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே இல்லை.

சலோமினா வந்து பார்த்துப் பதறிவிட்டாள். "ஏண்டி, என்னத்த சாப்பிட்ட?"

"பசிக்கலக்கா."

"பசிக்கலைன்னா சாப்பிடாமக் கெடப்பியா? எலும்பும் தோலுமா இருக்கியே!"

தன் வீட்டுக் களியைக் கரைத்து வந்து, அவள் வாயைப் பிடித்து ஊட்டினாள். இரண்டு வாய் விழுங்கியதும் ஃப்ரெட்ரிக்கா விம்மினாள். "இளைக்கறதுக்கு எங்கிட்ட என்னக்கா இருக்கு?" சலோமினா அடுத்த வாயை ஊட்டினாள்.

உடம்பு தேறியதும் ஃப்ரெட்ரிக்கா டவுனுக்குப் போய், ஒரு வீட்டில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷம் கழித்துச் சலோமினா போனில் கூப்பிட்டாள்.

"உன் செடியெல்லாம் பூத்துருச்சுடி. அழுகுன கறி நாத்தம், ஒரே ஈ. வீட்டுல உக்கார முடியல."

"இன்னும் பட்டுப்போகலையா?"

"எங்க! சொட்டுத் தண்ணி இல்லாம ஜம்முனு நிக்குது. வெட்டிரட்டுமா?"



"வெட்டிருங்கக்கா. வேரோட."

போனை வைத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு துவைத்துக் காயப்போட்டதையெல்லாம் மறுபடி நனைக்க வேண்டியதாயிற்று. சோப்புப் போடவே மறந்திருந்தாள்.