சத்து மாத்திரை என்று சொன்னேன்

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. ஏற்காட்டில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் என் கணவர் பழனி கிடந்தார். உதடு வீங்கியிருந்தது. மார்பெல்லாம் சிவந்த தடிப்பு. ரத்த அழுத்தம் அறுபதைத் தாண்டவில்லை. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவரை அரை மணி நேரத்தில் இழந்துவிடுவேன் என்று அப்போது நினைத்தேன்.

இந்த மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடுகிற உங்களுக்கு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு நாளிதழுக்கு இந்த மலையிலிருந்து செய்தி அனுப்புவது என் வேலை. கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

என் கணவர் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மரம் ஏறுகிறவர். மழைக்கு முன் காப்பிச் செடிகளுக்கு மேலே நிற்கும் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். அன்று அவர் வெட்டிய கிளைக்குப் பின்னால் கதண்டுக் குளவிக் கூடு இருந்தது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் கொட்டிவிட்டது. எப்படியோ இறங்கிவிட்டார். கூட மரம் ஏறும் சின்னராசு அவரை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தான். அவன் போன் செய்தபோது நான் ஏற்காடு பஸ் நிலையத்தில் இருந்ததால் அவர்களுக்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா வந்ததும் தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டார். கையில் சலைன் ஏறியது. போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்.

“பிரஷர், சுகர், ஆஸ்துமா எதாச்சும் இருக்குதுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“மாத்திரை எதாச்சும் சாப்பிடறாருங்களா?”

“சத்து மாத்திரை மட்டுந்தாங்க.”

ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி. பிறகு மூன்றாவது. அழுத்தம் ஏறவில்லை. டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி நர்சிடம், “அம்பத்தெட்டுதான் இருக்கு. இந்த நெலமைல நூத்திருபது ஓடணுமே” என்றார். அவர் குரலில் இருந்த குழப்பம் என்னை ஊசியைவிட அதிகமாகக் குத்தியது.

வராந்தாவுக்குப் போனேன். அங்கிருந்து சேர்வராயன் கோயில் குன்று தெரியவில்லை. திசை மட்டும் தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பினேன். அதுவரை எத்தனையோ முறை வேண்டியிருக்கிறேன், எல்லாம் இதைக் கொடு, அதைக் கொடு என்றுதான். அன்று வேறு வார்த்தை வந்தது. “சாமி, எனக்குத் தெரியாதது ஏதோ இருக்கு. அதைக் காட்டு. காட்டாம இங்கிருந்து நகர மாட்டேன்.” கெஞ்சவில்லை. அழவும் இல்லை. கேட்டுவிட்டு நின்றேன்.

ஒரு நிமிடம் இருக்கும். நர்ஸ் கழற்றிக் கொடுத்த அவருடைய சட்டை என் கையில் சுருண்டிருந்தது. அதன் உள்பையில் ஏதோ விரலை உறுத்தியது. எடுத்தேன். ஆறு மாத்திரை மிச்சமிருந்த அட்டை. தினமும் காலையில் அவர் விழுங்கும் அதே மாத்திரைதான். பின்பக்கத்துப் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ப்ரொப்ரனலால், நாற்பது மில்லிகிராம்.

ஓடிப்போய்க் கொடுத்தேன். டாக்டரம்மா பார்த்தார். “இதுவா சத்து மாத்திரை?”

வாசலில் நின்ற சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். “அக்கா, அண்ணனுக்குக் கை நொம்ப நடுங்கும். சேலத்து டாக்டரு குடுத்தது. ஊட்ல சொன்னா மரம் ஏற உடமாட்டாங்க, எஸ்டேட் ரைட்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு சத்து மாத்திரைன்னு சொல்லி வெச்சாரு.”

எனக்குக் கோபப்பட நேரமில்லை. டாக்டரம்மா மருந்து அலமாரியைத் திறந்தபடியே சொன்னார். “நாகலூர் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறாங்கல்ல? இருதயத்துல அட்ரீனலின் உக்கார வேண்டிய சீட்ல எல்லாம் இந்த மாத்திரை துண்டு போட்டு வெச்சிருக்கு. நான் போட்ட ஊசி உக்கார எடமில்லாம நிக்குது. கை நடுக்கத்தை அடக்கறதும் அதே வேலைதான். இப்ப வேற படிக்கட்டுல ஏறற மருந்து வேணும்.”

அந்த மருந்தின் பெயர் குளுக்ககான். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்க ஒரே ஒரு குப்பி வைத்திருந்தார்கள். அதை மெதுவாக நரம்பில் ஏற்றினார். சேலத்து மருத்துவமனைக்குப் போன் செய்து இன்னும் சில குப்பிகளைத் தயாராக வைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸில் டாக்டரம்மாவும் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் மானிட்டரில் ரத்த அழுத்தத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுபது. எழுபத்தாறு. எண்பத்திரண்டு. அடிவாரம் வந்தபோது தொண்ணூற்று நான்கு. நாடி எண்பதில் இருந்தது. கணவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் வார்டில் பேசினார். “பேப்பர்காரி ஊட்லயே ஒரு சேதிய ரெண்டு வருசம் மறைச்சுட்டேன் பாத்தியா புள்ள?”

“சிரிக்காதீங்க. போய்ச் சேந்திருந்தா அதையும் நாந்தான் எழுதியிருக்கோணும்” என்றேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.

மருந்துதான் காப்பாற்றியது என்று சிலர் சொல்கிறார்கள். மறுக்கவில்லை. மருந்து அலமாரியில்தான் இருந்தது, டாக்டரம்மாவுக்கு அறிவும் இருந்தது. அட்டையும் என் கையில்தான் இருந்தது. கேட்ட பிறகுதான் அது என் விரலுக்குத் தட்டுப்பட்டது. நான் சாட்சி சொல்வது அந்த ஒரு நிமிடத்துக்கு.

இப்போது அவர் மரம் ஏறுவதில்லை. ரைட்டரிடம் நேராகச் சொன்னார். வேலை போகவில்லை, நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். நடுக்கத்துக்கு டாக்டர் வேறு மருந்து கொடுத்திருக்கிறார். அதன் பெயரை இருவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

நன்றி சொல்லச் சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போனபோது மரம் ஏறுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூட வந்தார்கள். பூசை முடிந்ததும் அவர் எல்லோர் முன்னாலும் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். “நடுங்குது, பாத்துக்கங்க. இதை மறைச்சுத்தான் சாகப் போனேன்.” அவர்களில் ஒருவர் இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். “ஏனுங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.”

படித்துச் சொன்னேன். நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் மட்டும் மறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். உயிரைக் கேளுங்கள், தப்பில்லை. அதோடு உண்மையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உறுதியாக நில்லுங்கள். சேர்வராயன் காட்டுவார்.